பாட்டுப் போடாத கலியாண வீடியோ

பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டு மூலையில் வைத்து, அதிலுள்ள வீடியோக்களை எந்த டிவியிலும் போட்டுப் பார்க்கலாம் என்று எனக்கு முதன்முதலில் சொன்னது மலேசியாக்காரி தேவி. எல்லர்ஸ்லியில் ஓர் அலுவலகத்தில் நான் துப்புரவு வேலைக்குச் சேர்ந்த வருசத்துக் குளிர்காலம் அது. தேவிக்கு அங்கே கணக்குப் பகுதியில் வேலை. அலுவலகத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்ததும், பழையதை வேண்டியவர்கள் கொண்டுபோகலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். தேவி ஒன்றைத் தூக்கி வந்து என் தள்ளுவண்டியில், துடைப்பத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "அக்கா, இதுக்கு ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க் மட்டும் மாட்டுங்க. சாஃப்ட்வேர் நெட்ல சும்மாவே கிடைக்குது. கல்யாணம், காதுகுத்து எல்லாத்தையும் அதுல போட்டுட்டா சோபாவுல உட்கார்ந்துகிட்டே பாக்கலாம் லா" என்றாள்.

நான் ஓ.எல். பரீட்சை வரை மட்டும் பள்ளிக்கூடம் போனவள். வெலிங்டனில் இருக்கும் மகன் ஜூட் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வயரைச் செருகும்போதும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி, எப்படியோ பெட்டியைப் பொருத்திப் பூட்டி முடித்தேன். பிறகு மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் செபமாலைக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் கேட்க, அவர்களுக்கும் பூட்டிக் கொடுக்கத் தொடங்கினேன். இந்தத் தொழிலில் பெட்டி பூட்டுவது ஒரு பின்னேர வேலை; "அன்ரி, படம் வரேல்லை" என்ற அழைப்புக்குப் பதில் சொல்வதுதான் ஆயுள் முழுக்கச் செய்கிற வேலை. உங்களில் யாராவது இப்படி அகப்பட்டிருந்தால், என் கஷ்டம் உங்களுக்கு விளங்கும்.

கேட்டவர்களில் மெற்றில்டா அக்காவுக்குத்தான் அவசரம் இருந்தது. மன்னார்க்காரி, ரானுயியில் தனியே இருக்கிறா. அவவின் கண்ணில் நடுப்பார்வை போய்க்கொண்டிருந்தது. ஓரங்கள் தெரியும், நேரே பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு. மிச்சமும் போவதற்கு முன்னம், மகளின் கலியாண வீடியோவைப் பெரிய டிவியில் பார்க்க வேண்டும் என்று நின்றா. மகளைப் பார்க்க அல்ல, மகள் பேர்த் நகரில் சுகமாக இருக்கிறாள். அக்காவின் புருசன் மரியாம்பிள்ளை அண்ணை நடமாடுவது அந்த வீடியோவில் மட்டும்தான். கலியாணம் முடிந்த அடுத்த வருசம் அவர் காலமாகிவிட்டார்.

லேஸ்

எங்கள் வீடுகளில் மெஷின் என்று எது வந்தாலும் முதலில் அதற்கு ஒரு துணி போர்த்துவோம். டிவிக்கு ஒன்று, தையல் மெஷினுக்கு ஒன்று, மைக்ரோவேவுக்கு ஒன்று. புதுப் பெட்டி வெறுமனே நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளை நூலில் லேஸ் பின்னி, நாலு பக்கமும் தொங்கப் போர்த்து, மேலே மாதா சுருவத்தையும் வைத்தேன். பார்க்க ஒரு சின்னப் பீடம் மாதிரி இருந்தது.

அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் கூட்டம். செபமாலை வீடியோவைப் பெட்டியிலிருந்து போட்டு, எல்லோரும் அதோடு சேர்ந்து சொன்னோம். செபம் பாதி போய், மூன்றாம் தேவ இரகசியத்தில் டிவி கறுத்தது. கொஞ்சம் பொறுத்துப் போட்டோம், மறுபடியும் கறுத்தது. இரண்டு பேர் சிலுவை அடையாளம் போட்டார்கள். ஒருவர் ஃபாதரைக் கூப்பிட்டு வீடு மந்திரிக்க வேண்டும் என்றார். மெற்றில்டா அக்கா தடவித் தடவிப் போய்ப் பெட்டியில் கை வைத்தா. உடனே கையை உதறினா. "பிசாசு இல்லைப் பிள்ளை. உன்ர லேஸ்தான். தோசைக்கல்லு மாதிரிக் கொதிக்குது, மாதாவை முதல்ல இறக்கு!"

அப்பாவின் படம்

இந்த சாஃப்ட்வேருக்கு ஒரு நல்ல குணம். நாங்கள் போடும் வீடியோவின் பெயரைப் பார்த்து, தானே நெட்டில் தேடி, பொருத்தமான படமொன்றை மேலே ஒட்டிவிடும். அது குடும்ப வீடியோவா சினிமாவா என்று அதற்குத் தெரியாது.

தேவி தன் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்து வீடியோவைக் கொண்டு வந்தாள். நான் அதற்கு ஆங்கிலத்தில் 'அறுபது' என்று மட்டும் பெயர் எழுதிப் போட்டேன். அடுத்த நாள் தேவி வீட்டில் குடும்பம் முழுவதும் டிவிக்கு முன்னால் கூடியிருந்தபோது, அப்பா இருக்க வேண்டிய இடத்தில் மொட்டைத் தலையன் ஒருவன் இரண்டு கையிலும் துப்பாக்கி பிடித்து நின்றான். கீழே, பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்ற எச்சரிக்கை வேறு. கேள்விப்பட்டு மறுநாள் நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். தேவி ரிமோட்டை என்னிடமிருந்து தள்ளி வைத்தாள்: "மாத்திடாதீங்க அக்கா. அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. நேத்திலேர்ந்து கண்ணாடி முன்னாடிதான் நிக்கிறாரு லா."

சுற்றுகிற வட்டம்

பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த துன்பம் இது. சின்ன வீடியோ ஓடும். பெரிய கேமராவில் எடுத்தது என்றால் திரையில் ஒரு வட்டம் சுற்றும், படம் வராது. டிவிக்கு அந்த வீடியோவின் பாஷை தெரியாதாம். பெட்டிதான் அதை உடனுக்குடன் மாற்றிக் கொடுக்க வேண்டுமாம். கிழட்டுப் பெட்டி திணறிப் போகும். இதை ஜூட் ஆங்கிலத்தில் அரை மணித்தியாலம் சொன்னான். எனக்கு ஏறவில்லை.

ஜூட்டின் அப்பா, என் மனிசன், பேப்பர் வாசித்துக்கொண்டு இருந்தார். எங்கள் கோயிலில் ஃபாதர் ஆங்கிலத்தில் பிரசங்கம் வைப்பார், இவர் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வார். பேப்பரை மடக்காமலே சொன்னார்: "ஃபாதர் மூச்சு விடாமல் கதைச்சா நானும் இப்பிடித்தான் முழுசிக்கொண்டு நிப்பன். முதல் நாளே எழுத்தில தந்தாரெண்டால் வடிவாச் சொல்லுவன். பெட்டிக்கும் முதல் நாளே குடப்பா."

அதன் பிறகு பெரிய வீடியோக்களை முன்கூட்டியே மாற்றி வைக்கிறேன். நான் வேலைக்குப் போய்வரும் நேரத்தில் பெட்டி தன்பாட்டில் மாற்றி முடித்துவிடும்.

குப்பைக் கூடை

எல்லோருடைய வீடியோவுக்கும் ஒரு பிரதி என் பெட்டியிலேயே வைத்திருப்பேன். அதனால் டிஸ்க் நிறைந்துவிட்டது. ஜூட் பட்டியலைப் பார்த்துவிட்டு, பெயரில்லாமல் வெறும் இலக்கங்களோடு கிடந்த பெரிய கோப்புகளை அழிக்கச் சொன்னான். மெற்றில்டா அக்கா வீட்டுக் கலியாணத்தோடு வீடியோக்காரர் கொடுத்தவை அவை. வெட்டாமல் ஒட்டாமல் எடுத்தபடியே இருந்தன. "எடிட் பண்ணின வீடியோ இருக்குத்தானே அம்மா, இது கழிவு" என்றான்.

எல்லாவற்றையும் இழுத்துக் கம்ப்யூட்டரின் குப்பைக் கூடையில் போட்டேன். கூடையைக் கொட்டப் போனபோது, நிரந்தரமாக அழிக்கவா என்று அது கேட்டது. அந்த 'நிரந்தரமாக' எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்ற பொத்தானை அமத்திவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டேன். அடுத்த கிழமை ஜூட் வெலிங்டனில் இருந்தபடியே என் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். டிஸ்க்கில் இடம் இல்லை. உடனே தொலைபேசி எடுத்தான்: "அம்மா, ஒஃபிஸில ஊரார்ற குப்பை எல்லாம் கொட்டுறீங்கள். வீட்டில இருக்கிற ஒரு கூடையைக் கொட்ட ஏலாதா?"

சனிக்கிழமை கொட்டுகிறேன் என்றேன்.

மணி

அந்தச் சனிக்கிழமை மெற்றில்டா அக்கா வீட்டில் பெட்டி பூட்டும் நாளாகிவிட்டது. என் மனிசன் காரில் கொண்டுபோய் இறக்கினார். பெட்டி பூட்டுவது சுகம், ரிமோட் பழக்குவதுதான் பாடு. அக்காவுக்கு அதிலுள்ள பொத்தான்கள் தெரியவில்லை. படத்தைப் போடும் பொத்தானுக்குப் பதில் வேறொன்றை அமத்துவா, டிவி சீன மொழிக்குப் போய்விடும். திரும்பக் கொண்டுவர எனக்கே தெரியாது.

கைப்பையில் அறுந்த செபமாலை ஒன்று கிடந்தது. அதிலிருந்து ஒரு மணியை எடுத்து, பசை போட்டு, சரியான பொத்தானின் மேல் ஒட்டினேன். குற்றமோ என்று மனம் உறுத்தியது. அக்கா விரலால் மணியைத் தேடிப் பிடித்தா. இரண்டு தரம் உருட்டிப் பார்த்தா. "நல்லதாப் போச்சு. இனி நான் நாள் முழுக்க நாடகம் பாத்தாலும் செபம் செய்த கணக்குத்தான்."

பாட்டுக்காரன்

பிறகு கலியாண வீடியோவைப் போட்டோம். எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை காரால் இறங்கினால் ஒரு சினிமாப் பாட்டு, பொம்பிளை நடந்தால் இன்னொன்று, சாப்பாட்டுக்கு ஒன்று. எடுத்த சத்தம் முழுவதையும் துடைத்துவிட்டு, மேலே பாட்டைப் பூசிவிடுவார்கள். முகங்கள் இதய வடிவத்துக்குள் சுழன்று வரும், பூக்கள் கொட்டும்.

அக்கா கதிரையை டிவிக்குக் கிட்ட இழுத்துக்கொண்டு, தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தா. வெளிச்சமும் நிறமும் தெரிகிறதாம். ஆட்கள் தெரியவில்லை. நாங்கள் பிந்திவிட்டோம் என்று எனக்கு விளங்கியது. மாதாவே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, வருவதை எல்லாம் வாயால் சொல்லத் தொடங்கினேன்.

"இப்ப கோயில் வாசல் அக்கா. அண்ணை நிக்கிறார். நீல கோட். கோட் பொக்கற்றைத் தடவுறார்."

"என்னத்துக்கு?"

"தெரியேல்லை. உங்களைப் பாத்து என்னவோ சொல்லுறார். வாய் அசையுது."

"என்ன சொல்லுறார்?"

"பாட்டுத்தான் கேக்குது அக்கா."

அக்கா காதை டிவிக்குக் கிட்டக் கொண்டுபோனா. ஆத்திரப்படவில்லை. கதிரையைப் பின்னுக்குத் தள்ளினா. "கண் போனாலும் குரலாவது கேக்கும் எண்டு நினைச்சன். அந்தப் பாட்டுக்காரனை நிப்பாட்டு பிள்ளை. என்ர மனிசனைக் கதைக்க விடுறானில்லை."

கொட்டாத கூடை

வீட்டுக்கு வரும் வழியில், நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான் இலக்கம் போட்ட கோப்புகள் ஞாபகம் வந்தன. அவற்றை யாரும் வெட்டவில்லை. அப்படியானால் பாட்டும் போட்டிருக்க மாட்டார்கள். ஜூட் என் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கத் தெரிந்தவன், பொறுமையில்லாதவனும் கூட. அவனுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோனியாரைக் கூப்பிட்டபடி இருந்தேன்.

சப்பாத்தையும் கழற்றாமல் போய்ப் பெட்டியைத் திறந்தேன். கூடை நிறைந்தபடியே இருந்தது. இரவு ஜூட் தொலைபேசி எடுத்தபோது விசயத்தைச் சொன்னேன். எனக்கு எப்போதும் புத்தி சொல்கிற பிள்ளை சொன்னான்: "நல்லவேளை, நீங்கள் நான் சொன்னதைக் கேக்கேல்லை அம்மா."

வாசலில்

அந்தக் கிழமை முழுவதும், நான் வேலைக்குப் போன நேரமெல்லாம் பெட்டி அவற்றை மாற்றியது. அடுத்த சனிக்கிழமை ரானுயிக்குக் கொண்டுபோனேன். அக்கா தானே மணியைத் தேடி அமத்தினா.

படம் ஆடியது. வீடியோக்காரர் இருமினார். யாரோ பற்றிஸ் பலகாரப் பெட்டி எங்கே என்று கேட்டார்கள். ஒரு குழந்தை அழுதது. பிறகு கோயில் வாசல். நீலக் கோட், பொக்கற்றைத் தடவுகிற கை. அக்கா தலையைச் சரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இருந்தா.

"இஞ்சரும், என்ர கண்ணாடியை எங்கை வைச்சனீர்?" என்று மரியாம்பிள்ளை அண்ணையின் குரல் கேட்டது.

"தலையில கிடக்குதப்பா!" என்றா, கதிரையில் இருந்த அக்கா. அடுத்த நொடி அதையே டிவிக்குள் இருந்த அக்காவும், இளம் குரலில், இன்னும் கொஞ்சம் எரிச்சலோடு சொன்னா.

அக்காவின் கன்னம் நனைந்திருந்தது. ஒரு நிமிசம் ஆறட்டும் என்று நான் ரிமோட்டுக்குக் கை நீட்டினேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டா.

"நிப்பாட்டாதை பிள்ளை. இனித்தான் எனக்கு ஏசப்போறார்."

பெட்டி பூட்டக் கேட்கிறவர்கள் இப்போதும் படம் தெளிவாக வருமா என்று மட்டும்தான் கேட்கிறார்கள், நானும் வரும் என்று சொல்லிக்கொண்டு போய் பெட்டிமேல் போர்த்திய லேஸைத் தூக்கிவிட்டு வருகிறேன். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: அடுத்த கலியாணத்துக்கு வீடியோக்காரரோடு கதைக்கும்போது, பாட்டுப் போடாத பிரதி ஒன்றையும் கேட்டு வாங்கி வையுங்கோ.