மதிலுக்கு வெளியே ஒரு பிள்ளை

பெரியம்மாவின் பித்தளைச் செம்பில் வாய் ஓரம் ஒரு நசுங்கல் உண்டு. அந்தச் செம்போடு, உச்சிவெயிலில், கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே அவரை நான் கண்டது எழுபதுகளின் நடுவில். முத்தியால்பேட்டையில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்த புதிது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். தெருவில் ஈ காக்கை இல்லை. பெரியம்மா குந்தி உட்கார்ந்து, மண்ணில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னை ஏறெடுத்துப் பார்க்காமலே, "சத்தம் போடாத. குடிக்குது" என்றார்.

அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் பள்ளியில் படித்த நாளில் அவருக்குப் பிறந்து, ஒரே ஒரு காலைப்பொழுது உயிரோடு இருந்த ஆண்பிள்ளை. ஞானஸ்நானம் கொடுக்கப் பங்குச் சாமியாரைக் கூட்டிவர பெரியப்பா சைக்கிளில் பறந்தார். அவர்கள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு சாமியார் மந்திரித்த கல்லறை மண்ணில் இடம் கிடையாது என்று சொல்லி, அவருக்கு உதவியாக இருந்த உபதேசியார் மதிலுக்கு வெளியே இடம் காட்டினார். செபமும் இல்லை, சிலுவையும் இல்லை, பெயரும் இல்லை. இப்போது அந்தச் சட்டமெல்லாம் தளர்ந்துவிட்டது; மதிலைத் தள்ளிக் கட்டியதில் அந்த இடமும் உள்ளே வந்துவிட்டது.

அதன்பின் பெரியம்மா கோயிலுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருவார். வாசலில், கழற்றிப்போட்ட செருப்புகளோடு நிற்பார். பிள்ளைக்கு இல்லாத இடம் தனக்கு எதற்கு என்ற வீம்பு என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தோம்.

அன்று நானும் குனிந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். தண்ணீர் விழுந்த இடத்தில் மண் உறிஞ்சியது; நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி உறிஞ்சியது. காய்ந்த மண் அப்படித்தான் என்று வகுப்பில் பாடம் நடத்துகிறவள் நான். ஆனாலும் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தேன். பிறகு அந்த வழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

பத்து ஆண்டுகள் போயின. ஞானோபதேச வகுப்பு எடுக்க எங்களுக்குப் பயிற்சி கொடுத்த இளம் சாமியார் ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: சாகக் கிடக்கும் பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், தாயோ, மருத்துவச்சியோ, கிறிஸ்தவரே அல்லாத ஒருவரோ. தண்ணீரும், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரும் போதும். இது என்றைக்கும் உள்ள வழக்கம்தானாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திறந்தே கிடந்த கதவுக்குச் சாவி தேடியா பெரியப்பா சைக்கிள் மிதித்தார்? பெரியம்மாவிடம் சொல்லவும் பயம். கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இருந்தும் பிள்ளையைக் கைவிட்டோமே என்று துடித்துப்போவார். ஒரு வாரம் மென்று விழுங்கிவிட்டு, சொல்லிவிட்டேன்.

பெரியம்மா அழவில்லை. மீன் ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது. "நான் ஊத்துனேன்டி" என்றார்.

மருத்துவச்சி கொல்லைப்பக்கம் போன நேரத்தில், பிள்ளைக்கு உயிர் இருக்கும்போதே, யாருக்கும் தெரியாமல் தலையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அவர் கடலோரக் குப்பத்தில் பிறந்து, கல்யாணத்துக்காகக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர். அவர் ஊர்க் கோயிலில் பூசாரி தவிர யாரும் கருவறைக்குள் போகக்கூடாது. எங்கள் கோயிலிலும் பீடத்தின் முன்னிருந்த கிராதித் தடுப்பைத் தாண்டக்கூடாது. சாமியார் செய்யவேண்டியதைத் தீட்டுக் கையால் செய்துவிட்டேன், அதனால்தான் பிள்ளை போய்விட்டது என்று இத்தனை வருடமும் உள்ளுக்குள் புழுங்கியிருக்கிறார். வாசலோடு நின்றுவிட்டது அந்தப் பயத்தில்தான்.

"அந்த வார்த்தையெல்லாம் எனக்குத் தெரியாதுடி. ஏசுவே, இது உன் புள்ள, வாங்கிக்கன்னுதான் சொன்னேன். அது சேருமா?"

சட்டப்படி சேராது. வார்த்தை பிசகக்கூடாது என்று அதே சாமியார் அழுத்திச் சொல்லியிருந்தார். அவரிடமே ஓடிப்போய்க் கேட்டுவரலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மறுபடியும் ஒரு ஓட்டமா? "சேர்ந்துடுச்சி பெரியம்மா" என்றேன். பொய் சொன்னதாக இன்றுவரை எனக்கு உறுத்தவில்லை.

அடுத்த ஞாயிறு பெரியம்மா படியேறி உள்ளே வந்தார். கிராதியை எப்போதோ எடுத்துவிட்டிருந்தார்கள். நடுவழியில் நேரே பீடத்தை நோக்கி நடந்தார். இடது கையை மடித்து மார்போடு அணைத்திருந்தார். கையில் எதுவும் இல்லை. வழியோரம் முழந்தாளில் இருந்த என்னைக் கடக்கும்போது தலையைக் குனிந்து, "காலை ஆட்டாதடா, சாமியார் பாக்குறாரு" என்று அதட்டினார். அவர் சேலை நுனிகூட என்மேல் படவில்லை. மெத்தென்று ஏதோ ஒன்று என் கன்னத்தை உதைத்துவிட்டுப் போனது.