துண்டுக்குள் போன விரல்

அய்யலூர் ஆட்டுச் சந்தையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். தரகர் வாங்கிக் கொடுக்கும் ஆடுகளை இழுத்துப்போய் வண்டியில் ஏற்ற வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அது போதுமான வேலைதான். மிதிபட்டுக் கால் நகம் ஒன்று போனது. மற்றபடி குறையில்லை.

அங்கே விலையை வாயால் சொல்வதில்லை. தரகர் கையும் விற்பவர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். ஒரு விரலுக்கு இவ்வளவு என்று கணக்கு. எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அதுதான் விலை. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

ஒருநாள் ஒருவர் தன்னிடம் மிஞ்சியிருந்த ஒரே கிடாயோடு வந்தார். மனைவி முன்பே திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். அவரும் அன்று மத்தியானம் பஸ் ஏறுகிறார். கிடாயை விட்டுப்போக ஆளில்லை. இதை டீக்கடையில் சொல்லியிருக்கிறார். தரகர் காதுக்குப் போய்விட்டது. துண்டுக்குள் விலை ஏறவில்லை என்பது கிடாய்க்காரர் முகத்திலேயே தெரிந்தது.

"பேராசைப்படாத அப்பு. பேய்க்கு ஆடு வித்தவன் கதை தெரியுமா?" என்றார் தரகர். கையை எடுக்காமலே சொன்னார்.

பேய் ஒன்று வியாபாரி வேஷத்தில் சந்தைக்கு வந்ததாம். ஆட்டுக்காரன் அதன் ஒரு விரலைப் பிடித்தான். சரி என்றது. இரண்டைப் பிடித்தான். அதற்கும் சரி. ஐந்தையும் பிடித்தாயிற்று. பேய் கையில் விரல் தீர்ந்தது, இவன் ஆசை தீரவில்லை. தன் விரல் ஒன்றையும் சேர்த்து வைத்துப் பிடித்தான். பேய் சந்தோஷமாகத் தலையாட்டியது. துண்டை விலக்கினால் மடி நிறையப் பணம். கையில் ஒரு விரல் இல்லை. வைத்ததை எல்லாம் விற்றதாகப் பேய் எடுத்துக்கொண்டது.

கிடாய்க்காரர் யோசித்தார்.

"பேய் எதுக்குத் துண்டு போட்டுச்சு?"

"அதான்யா வழக்கம்."

"வெளிய வச்சிருந்தா எவனாச்சும், ஏலே உன் விரலை எடுறான்னு சொல்லியிருப்பான்ல?"

சொல்லிக்கொண்டே துண்டை உருவினார். "இம்புட்டுப் பெரிய கிடாய்க்கு மூணே விரலாம்! பாத்துக்கங்கப்பா!"

கூட்டம் சிரித்தது. சின்னாளப்பட்டிக் கறிக்கடைக்காரர் ஒருவர், "நாலுக்கு நான் எடுத்துக்கிறேன்" என்று வாய்விட்டே சொன்னார். விற்றுவிட்டது.

தரகர் முகம் கறுத்துவிட்டது. "இனிமே இந்தச் சந்தையில எவன் உன் ஆட்டைத் தொடுறான்னு பாக்குறேன்."

"ஆடு இருந்தாத்தான தொடுறதுக்கு? நான்தான் ஊரை விட்டே போறேனே."

கயிற்றை மட்டும் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். கிடாயைக் கறிக்கடைக்காரர் வண்டியில் நான் ஏற்றினேன்.

அடுத்த சந்தைக்குத் தரகர் என்னைக் கூப்பிடவில்லை. நானும் சிரித்ததைப் பார்த்திருக்கிறார். செம்பட்டியில் தேங்காய் லாரிக்கு ஆள் வேண்டும் என்றார்கள். போய்விட்டேன்.