தார்ப்பாய்க்கு அடியில் ஒளித்த விருந்து

2014-ம் வருடம், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. நாங்கள் குடியிருப்பது நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். என் கணவருக்கு அங்கே திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. என் பிறந்த வீடு பக்கத்திலேயே, முத்தாண்டிக்குப்பத்தில். அங்கே என் அண்ணியும் அவருடைய மகளிர் குழுவும் ஒரு பஸ் நிறைய விருந்தாளிகளுக்கு முதல்முறையாகச் சாப்பாடு போட்ட கதையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

முந்திரி சீசன் இருக்கும் வரைக்கும் அண்ணிக்கும் மற்ற பெண்களுக்கும் தோப்பில் கொட்டை பொறுக்கும் வேலை இருக்கும். முடிந்துவிட்டால் சென்னைக்குக் கட்டட வேலைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும்போதெல்லாம் அண்ணி என் வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதுவிட்டுத்தான் பஸ் ஏறுவார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் என் தோழியின் கணவரிடம் பேசினேன். அவர் சென்னையில் டிராவல்ஸ் நடத்துபவர். வடலூரில் கும்பிட்டுவிட்டு, நெய்வேலிச் சுரங்கத்தைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் பிச்சாவரத்தில் படகு ஏறுகிற மாதிரி ஒரு டூர் போட்டிருந்தார். மதியச் சாப்பாட்டை அண்ணி குழுவிடம் கொடுத்துப் பார்ப்பதாகச் சொன்னார். வந்தவர்களுக்குப் பிடித்திருந்தால் ஒவ்வொரு ஞாயிறும் பஸ் வரும். அப்படி வந்தால் அண்ணி ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை.

விஷயத்தைச் சொன்னதும் என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பள்ளத்தப் பாக்கவா பஸ் புடிச்சு வராங்க? நான் தெனம் அதுக்குள்ளதான எறங்கறேன், என்னய வந்து பாத்துட்டுப் போச் சொல்லு" என்றார்.

டிராவல்ஸ்காரர் போனில் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: சாப்பாடு உங்கள் ஊர்ச் சாப்பாடாக இருக்கட்டும். நான் அதை அப்படியே அண்ணியிடம் ஒப்பித்தேன். அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவுரு மரியாதைக்குச் சொல்றாருங்க. அதுக்காவ மெட்ராஸ்லேர்ந்து வர்றவங்களுக்குப் பலாக்கொட்டக் கொழம்பா ஊத்துவாங்க? நம்ம வூட்டுக்கு வர்றவங்கள நாமளே அசிங்கப்படுத்தலாமா?"

குழுவில் எல்லோருக்கும் அதே எண்ணம். எனக்கும்தான். எங்கள் பக்கத்தில் பலாப்பழம் சீசனில் மாடுகூடச் சலித்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கொட்டையைத் திருகிக்கொண்டு முந்திரிப்பழத்தை அப்படியே மரத்தடியில் போட்டுவிடுவோம். அதையெல்லாம் விருந்து என்று யாராவது சொல்வார்களா? டவுன்ஷிப்பில் கல்யாணங்களுக்குச் சமைக்கும் மாஸ்டர் ஒருவரைப் பிடித்தோம். ஃப்ரைடு ரைஸ், கோபி 65, குருமா, ஐஸ்கிரீம் என்று முடிவானது.

அதோடு விட்டோமா? விருந்தாளிகள் வருகிறார்கள் என்று முந்தின நாளே பந்தி போடப்போகும் முந்திரித் தோப்பைப் பெருக்கி, கீழே கிடந்த முந்திரிப்பழம் அத்தனையையும் கூடை கூடையாக வாரிக் கொண்டுபோய் அங்கிருந்த கொட்டகைக்குப் பின்னால் கொட்டினோம். பழுத்துக் கிடந்த பலாப்பழங்களையும் உருட்டிக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் சேர்த்து, மேலே பெரிய நீலத் தார்ப்பாய் ஒன்றைப் போட்டு மூடினோம். வேலை செய்கிற பெண்களுக்காக மட்டும் கத்திரிக்காயும் பலாக்கொட்டையும் போட்டு ஒரு கருவாட்டுக் குழம்பு, அதுவும் கொட்டகைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் கொதித்தது.

பஸ் வந்தது. பெரும்பாலும் ரிட்டையர் ஆனவர்கள், சிலர் குடும்பத்தோடு. சுரங்கத்தின் பிரம்மாண்டத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டே மரத்தடியில் உட்கார்ந்தார்கள். இலையில் ஃப்ரைடு ரைஸ் விழுந்ததும் பேச்சு நின்றுபோனது. நல்ல மனிதர்கள், முகம் சுளிக்கவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டார்கள். ஓர் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "இது நம்ம தெருமுனையிலயே கிடைக்குமே" என்று மெதுவாகச் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. டிராவல்ஸ்காரர் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார். அண்ணி கையில் கரண்டியோடு அப்படியே நின்றார்.

பலாப்பழத்தைத் தார்ப்பாய் போட்டு மறைக்கலாம். வாசனையை எதைப் போட்டு மறைப்பது?

"பலாப்பழ வாசனை தூக்குதே, எங்கேருந்துங்க?" என்று கேட்டார் ஒரு பெரியவர்.

"அது ஒண்ணும் இல்லீங்க ஐயா, மாட்டுக்கு வெச்சிருக்கோம்" என்றார் அண்ணி.

பெரியவர் கை கழுவப் போகிற சாக்கில் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டார். அடுத்த நிமிடம், "எல்லாரும் இங்க வாங்க!" என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்தபடி புதையலைக் கண்டவர் மாதிரி நிற்கிறார். பின்னாலேயே பாதிப் பந்தி எழுந்து வந்துவிட்டது. "இவ்வளவையும் வெச்சுக்கிட்டா எங்களுக்கு கோபி 65 போட்டீங்க?" என்று அந்த அம்மா நிஜமாகவே கோபித்துக்கொண்டார்.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். அப்புறம் அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் எண்ணெயைத் தடவி, அரிவாளை எடுத்துப் பலாப்பழத்தைப் பிளந்தார். "ஒவ்வொருத்தரா வாங்க, பிசினு துணில பட்டுதுன்னா போவாது" என்று அதட்டல் வேறு. சுளைகள் எடுக்க எடுக்கக் காணாமல் போயின. முந்திரிப்பழத்தை நறுக்கி உப்புத் தூவிக் கொடுத்தோம். தொண்டை கரகரக்கும் என்று எச்சரித்தும் யாரும் கேட்கவில்லை. யாரோ குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்துவிட்டார்கள். அவ்வளவுதான், சைவக்காரர்கள் பலாச்சுளைப் பக்கம், மற்றவர்கள் எல்லோரும் சட்டிப் பக்கம். வெறும் சோறு வடித்துக் கொட்டிக் கொட்டி எங்களுக்கு மாளவில்லை. வரிசையில் தட்டோடு நின்றவர்களில் நாங்கள் கூட்டி வந்த மாஸ்டரும் ஒருவர்!

புறப்படும்போது டிராவல்ஸ்காரர் அண்ணியிடம் வந்தார். "அடுத்த ஞாயிறும் வரோம்க்கா. ஆனா மாஸ்டருக்கு லீவு குடுத்துடுங்க" என்றார். அண்ணி வேகமாகத் தலையை ஆட்டினார். பஸ் கண்ணுக்கு மறைந்ததும் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். இந்தமுறை அழுகை வேறு மாதிரி அழுகை. குழம்பில் ஒரு சொட்டு மிச்சமில்லை. ஆறிப்போன ஃப்ரைடு ரைஸை நாங்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, சிரித்துச் சிரித்துப் புரையேறத் தின்று தீர்த்தோம்.

அந்த வருடம் சீசன் முடிந்த பிறகும் பஸ் வந்தது. அண்ணி கட்டட வேலைக்குப் போகவில்லை. பஸ் நிற்கும் இடத்தில் நுங்கு விற்க ஒருவர், டீ போட ஒருவர் என்று ஊரில் இன்னும் சிலருக்குப் பிழைப்பு ஆனது. இத்தனை பேர் பார்க்க வருகிறார்களே என்று நானும் ஒருநாள் அந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போய், என் கணவர் தினமும் இறங்கும் அந்தப் பள்ளத்தை வாழ்க்கையில் முதல்முறையாக எட்டிப் பார்த்தேன். பஸ் கிளம்ப ஹாரன் அடிக்கும் வரை அங்கிருந்து நகரவில்லை.

அந்த நீலத் தார்ப்பாய் இப்போதும் அண்ணியிடம் இருக்கிறது. வருகிறவர்கள் உட்கார அதைத்தான் மரத்தடியில் விரிப்பார். இருப்பதை ஒளித்துவிட்டு இல்லாததைத் தேடி என் மனம் ஓடும்போதெல்லாம், அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் ஊரை எங்களுக்கே காட்டிய அந்தப் பெரியவரை நினைத்துக்கொள்கிறேன்.