நான் வாய் திறக்குமுன் நின்றுவிடும் பாட்டு

சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடுகிறவனுக்கு ஊரில் நல்ல மரியாதை உண்டு, அவன் பாடத் தொடங்கும்வரை. இந்தத் தொழிலில் மாட்டுப்பட்டுச் சீரழிகிற தோழர்களே, உங்களுக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்தது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாக நடந்துவிட்டது, அவ்வளவுதான்.

நான் மன்னார்த் தீவில் பேசாலைப் பக்கத்து ஆள். பகலில் ஐஸ் கொம்பனியில் வேலை. எழுதின பாட்டுகளில் ஒன்று மட்டும் இந்தக் கதைக்குப் போதும். கலியாணத்துக்கு முன்பு, "என்னில விருப்பமோ?" என்று மெற்றில்டாவிடம் கேட்டேன். "சோளகம் அடங்கட்டும், சொல்லுறன்" என்றாள். சோளகக் காற்று அடிக்கிற காலத்தில் கடல் குழம்பிக் கிடக்கும், எங்கள் கரையில் ஒரு நல்ல காரியமும் நடக்காது. காற்று அடங்கியது, அவளும் ஓம் என்றாள். அதைத்தான் பாட்டாக்கினேன்: "சோளகம் அடங்கிப் போச்சு, சொல்லடி உன்ர பேச்சு." இசை போட்டவன் என் கூட்டாளி அல்பன். காத்திருந்த தவிப்பைக் காட்டவேண்டுமாம் என்று முன்னுக்கு நீளமாக ஒரு புல்லாங்குழல் அழுகை வைத்தான். அது முடிய மேளம் வெடிக்கும், நான் பாடத் தொடங்குவேன். மெற்றில்டா கேட்டாள். கண் கலங்கியதை நான் கண்டேன். ஆனாலும் வாயை விட்டுக் கொடுப்பாளா? "உங்கட பாட்டை நீங்களே படிச்சால் போதுமோ? கரையில வேற ஒரு வாய் இதைப் படிக்கட்டும், அப்ப ஒத்துக்கொள்ளுறன் நீங்கள் பாட்டுக்காரன் எண்டு."

அந்த வேறு வாயைத் தேடித்தான் இவ்வளவு அலைச்சலும்.

திருவிழா மேடை

கோயில் திருவிழாவில் ஒரு பாட்டுக்கு இடம் கேட்டு, கமிற்றிக்காரர் வீட்டுக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது. கடைசியில் நாடகத்துக்கு வேசம் கட்டுகிற இடைவெளியில் ஏற்றிவிட்டார்கள். புல்லாங்குழல் தொடங்கியதும் முன்வரிசைக் கதிரைகள் காலியாகின. சனம் முழுக்கக் கச்சான் கடலை வாங்கப் போய்விட்டது. மிஞ்சி இருந்தது பிள்ளையை மடியில் நித்திரையாக்கின ஒரு அம்மா மட்டும். எழும்பினால் பிள்ளையும் எழும்பிவிடும், வேறு வழியில்லை அவவுக்கு. நான் அவவைப் பார்த்தே முழுப் பாட்டையும் பாடி முடித்தேன்.

இறங்கி வந்தபோது அந்த அம்மா கையைக் காட்டிக் கூப்பிட்டா. எனக்கு நெஞ்சு குளிர்ந்து போயிற்று. அவ சொன்னா: "குரல் நல்லாத்தான் கிடக்கு தம்பி. அடுத்தமுறை தெரிஞ்ச பாட்டு ஒண்டு படியும்."

எருக்கலம்பிட்டியில் ஒரு கடை

எருக்கலம்பிட்டியில் போன் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணை ஒருவர், நானா என்றுதான் கூப்பிடுவோம், எனக்குப் பழக்கம். மெமரி கார்ட்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பதுதான் அவருக்குப் பெரிய வியாபாரம். தங்கமான மனிசன். "உங்கட பாட்டையும் ஒவ்வொரு கார்ட்டிலயும் சும்மா போட்டு விடுறேன் தம்பி, கேக்கிறவன் கேக்கட்டும்" என்றார். மீன் வியாபாரி, டிரைவர், கம்பஸில் படிக்கிற பெடியன், எல்லாருடைய சட்டைப் பையிலும் என் பாட்டு. நான் பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் இருப்பவனின் பையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போன காலம் அது. அவன் என்னைப் பற்றி என்ன நினைத்தானோ.

ஒரு மாதம் கழித்துக் கடைக்குப் போனேன். நானா முகத்தைப் பார்க்காமல் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். பிறகு சொன்னார்: "கோவிக்காதீங்க தம்பி. பாட்டு ஏத்த வாறவனை விட உங்கட பாட்டை அழிச்சுத் தாங்க எண்டு வாறவன் கூடிப் போனான்."

கனடா ரசிகன்

பிறகு பேஸ்புக்கில் போட்டேன். போட்டுக் கையை எடுக்கவில்லை, கனடாவில் இருக்கிற என் மச்சான் "சூப்பர், கண்ணீர் வந்திட்டுது" என்று எழுதிவிட்டான். புல்லாங்குழலே முடிந்திருக்காத நேரம், அதற்குள் என்ன கண்ணீர்? ஆனாலும் ஆசை யாரை விட்டது, போன் எடுத்து எந்த வரி பிடித்தது என்று கேட்டேன்.

"இன்னும் கேக்கேல்லை மச்சான், லைக் போட்டாப் போதாதோ?"

சூசை அண்ணையின் ஓட்டோ

எங்கள் தீவில் ஒருவர் மோசம் போனால் அந்தச் சாவுச் செய்தியைக் கொண்டுபோவது ஒலிபெருக்கி கட்டின ஓட்டோதான். திருவிழாவையும் கூட்டத்தையும் அதுதான் சொல்லும். ஓட்டுகிறவர் சூசை அண்ணை. அந்த ஓட்டோ போகாத ஒழுங்கை இல்லை. மடையன் நான், இவ்வளவு நாளும் இவரை மறந்துவிட்டு எங்கெல்லாமோ அலைந்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டு, பாட்டைப் பென்ட்ரைவில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வெறும் ஓட்டோ ஓடுற நேரம் போட்டுவிடுங்கோ அண்ணை" என்றேன். தலையாட்டினார்.

அடுத்த கிழமை காலமை, தூரத்தில் என் புல்லாங்குழல் கேட்டது. வெறும் மேலோடு படலைக்கு ஓடினேன். மெற்றில்டாவும் மீன் வெட்டின கையோடு வந்து நின்றாள். சத்தம் கிட்டக் கிட்ட வருகிறது. வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வருகிறார்கள். இந்தா, மேளம் வெடிக்கப் போகிறது, நான் வாய் திறக்கப் போகிறேன்! டக்கென்று பாட்டு நின்றது. "மரண அறிவித்தல்" என்றார் சூசை அண்ணை.

ஓட்டோவை மறித்துச் சண்டைக்குப் போனேன். மனிசன் என் தோளில் தட்டி, பெரிய நன்மை செய்தவர் மாதிரிச் சொன்னார்: "உம்மட முன்துண்டு மாதிரிச் சோகமா ஒண்டு எனக்கு இவ்வளவு காலமும் வாய்க்கேல்லைத் தம்பி, நீர் வாய் திறக்கிற இடத்தில நிப்பாட்டினால் கணக்கா வருது."

கலியாண வீடு

அன்று தொடங்கியது. தலைமன்னார் தொடக்கம் தீவு முடிகிற பாலம் வரைக்கும் யார் செத்தாலும் என் புல்லாங்குழல்தான். எனதென்று சொல்லவும் வாய் கூசுகிறது, அது அல்பனின் புல்லாங்குழல். என் குரலும் என் சொல்லும் அதற்குப் பின்னால் கதவு சாத்திக் கிடந்தன. ஆனாலும் மனம் கேட்கவில்லை. சனத்துக்குத் தொடக்கம் தெரியும்தானே, மிச்சத்தையும் கேட்டால் பிடித்துப் போகும் என்று, சொந்தக்காரர் கலியாண வீடொன்றில் மேடை ஏறினேன்.

புல்லாங்குழல் தொடங்கியதும் சோற்றுக் கோப்பையில் இருந்த கைகள் அப்படியே நின்றன. ஒரு கிழவர் எழும்பிச் சிலுவை போட்டார். "ஐயோ, ஆர்?" என்று கலியாணப் பொம்பிளையின் தாய் கத்தினா. பின்னால் இருந்த இரண்டு பேர் அழவே தொடங்கிவிட்டார்கள். பொம்பிளையின் மாமன் மேடைக்குப் பாய்ந்து வந்து மைக்கைப் பறித்தார். அதை நிற்பாட்டக் கூட அவருக்குத் தோன்றவில்லை, அந்த மைக்கிலேயே சொன்னார்: "எங்கட வீட்டில ஒருத்தரும் சாகேல்லைத் தம்பி, இறங்கும் கீழ!"

மாமனார்

மெற்றில்டாவின் அப்பா எங்களோடுதான் இருந்தார். காது மந்தம். என் பாட்டுத் தொழிலைப் பற்றி ஒரு சொல் சொல்லாத ஒரே மனிசன், அதற்காகவே அவரில் எனக்குப் பட்சம். அவர் படுத்த படுக்கையானபோது மெற்றில்டா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள், வீட்டுக்குள் அந்தப் பாட்டை முணுமுணுக்கவும் வேண்டாம் என்று. அவளுக்காக எழுதின பாட்டு! விழுங்கிக்கொண்டேன். மாமனார் ஒரு விடியற்காலையில் போனார். சூசை அண்ணைக்குச் சொல்லியனுப்பினோம்.

பின்னேரம் வீடு நிறைய ஆட்கள். உள்ளே பெண்கள் அழுது செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓட்டோ ஒழுங்கைக்குள் திரும்பியது. புல்லாங்குழல் அழுதது. நான் தலையைக் குனிந்தேன், இப்போது நிற்கும் என்று. நிற்கவில்லை. மேளம் வெடித்தது! "சோளகம் அடங்கிப் போச்சு, சொல்லடி உன்ர பேச்சு" என்று என் குரல் துள்ளிக்கொண்டு வந்தது. செத்த வீட்டு வாசலில்! மச்சினன் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினான். முற்றத்தில் இருந்த அவ்வளவு சனமும் என்னைத்தான் பார்த்தது. காலமையிலிருந்து தீவு முழுக்க அப்படியே போட்டுக்கொண்டு வந்தாராம். நான் ஆசைப்பட்ட அவ்வளவு காதுக்கும் என் பாட்டு முழுசாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

சூசை அண்ணை அழுவாரைப் போல நின்றார். "ஒவ்வொருமுறையும் உம்மை வாய் திறக்க விடாமல் நிப்பாட்டினனான் எண்டு எனக்கு மனவருத்தம் தம்பி. சொந்த மாமனாருக்கெண்டாலும் முழுசாப் போகட்டும் எண்டு விட்டனான். பிறகு மேளம் வரும் எண்டு நான் என்னத்தைக் கண்டன், ஒருநாளும் மிச்சம் கேட்டதில்லையே! காலமை மேளம் வெடிச்ச பிறகும், மருமோன்ர பாட்டை நடுவில வெட்டினால் பிழை எண்டுதான் அப்படியே விட்டனான்."

வேறு வாய்

மாமன் செத்த சந்தோசத்தில் பாட்டுப் போட்டவன் என்று பெயர் வந்தது. ஐஸ் எடுக்க வருகிறவர்கள்கூட வாயைப் பொத்திச் சிரித்தார்கள். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, நானும் மெற்றில்டாவும் கரைப் பாதையால் வந்துகொண்டிருந்தோம். கரைவலை இழுத்துக்கொண்டிருந்த பெடியள் எங்களைக் கண்டார்கள். முதலில் ஒருவன் தொடங்கினான், பிறகு வலையில் நின்ற எல்லாரும் சேர்ந்தார்கள். இழுவைக்கு இழுவை, என் மெட்டு ஒரு பிசகில்லாமல்:

"மாமன் மூச்சு அடங்கிப் போச்சு, சொல்லடி உன்ர பேச்சு!"

எனக்கு மணலுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. மெற்றில்டா நின்றாள். கறுப்புச் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "வேற வாய் படிச்சிட்டுது. ஒத்துக்கொள்ளுறன், நீங்கள் பாட்டுக்காரன்தான்."

ஆகவே தோழர்களே, சொந்தப் பாட்டு ஊரெல்லாம் பரவ எனக்குத் தெரிந்த ஒரே வழி, நம் வீட்டில் ஒரு சாவு விழுவதுதான்.