பிரபு வம்சத்தில் ஒரு மூட்டைக்காரன்

வம்சாவளி தேடும் தொழிலில் செத்தவர்களால் ஒரு தொல்லையும் இல்லை. மானத்தை வாங்குவதெல்லாம் உயிரோடு இருப்பவர்கள்தான். கொண்டாட்ட மண்டபத்தில் யாராவது "என்ன வேலை செய்யிறியள்?" என்று கேட்டதும் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக் குனிந்துகொள்ளும் அன்பர்களே, நீங்களும் நானும் ஒரே கட்சி. ஹம்பேர்க்கில் ஒரு சின்ன அலுவலகத்தில் எனக்கு வேலை. ஜேர்மன்காரர் வந்து கேட்டால், அவர்களுடைய பாட்டன், பூட்டன், அதற்கும் அப்பால் உள்ளவர்களைப் பழைய பதிவுகளில் தேடி எடுத்துக் கொடுப்போம். இந்த வேலையில் நான் பட்ட வெட்கங்களில் சிலவற்றை இங்கே இறக்கி வைக்கிறேன். எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம், உங்களுடையதை நினைத்துக்கொண்டால் போதும்.

மண்டபத்தில் ஒரு விசாரணை

தேவாலயத்தில் ஒரு பிள்ளை முதல் நன்மை வாங்கிய கொண்டாட்டத்தில் என் பக்கத்துக் கதிரையில் ஒருவர் வந்து இருந்தார். பெரிய ஸ்டேசனடியில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர். என் வேலையைக் கேட்டார். நானும் நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்தி, ஸ்கொட்லாந்தில் எழுநூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஒரு பிரபுவின் குடும்பத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவர் வாய்க்குக் கொண்டுபோன பற்றிஸைத் திரும்பத் தட்டில் வைத்தார். "அந்தாள் காணாமல் போட்டாரோ?" என்று கேட்டார்.

இல்லை, அவர் ஒழுங்காகச் செத்து ஒழுங்காகத்தான் அடக்கம் செய்யப்பட்டார், அவருடைய பிள்ளைகள் யார், பேரப்பிள்ளைகள் யார், அவர்களில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது யார் என்று பார்ப்பதுதான் வேலை என்று விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே அது வேலை மாதிரித் தெரியவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டு முடித்து, என் தோளில் கையை வைத்தார்.

"அது சரி அண்ணை, மெயின் வேலை என்ன?"

ஒரு தேத்தண்ணிக்குள்

முதுகு பழுதாகி ஹோட்டல் குசினியை விட்ட பிறகு, இங்கத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்தார் என்னை வேறு தொழில் படிக்க அனுப்பினார்கள். அங்கேதான் பழைய ஜேர்மன் கையெழுத்தை வாசிக்கப் பழகினேன். மற்றவர்களுக்குக் கோழி கிளறியது போலத் தெரிந்த எழுத்து எனக்கு என்னவோ பிடிபட்டுவிட்டது. அதை வைத்துக்கொண்டு இந்த அலுவலகத்தில் நேர்முகத்துக்குப் போனேன். முதலாளி ஃப்ராவ் பிராண்ட், கையெழுத்து வாசிப்பதைத் தவிர வேறு என்ன தகுதி இருக்கிறது என்று கேட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்கு வந்தால், அவர் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் தகப்பனின் ஊர், தாயின் ஊர், எந்தக் கோயில் பங்கு, யார் யாரைக் கட்டினார்கள் எல்லாம் கேட்டு எடுத்துவிடுவோம் என்றேன். அவர் ஆச்சரியத்தில் பேனையைக் கீழே வைத்தார். எதற்காகக் கேட்கிறோம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வந்தவர் "ஆர் ஆக்கள்", என்ன சாதி என்று அறியத்தான் அவ்வளவும். இருக்கக் கதிரை கொடுக்கலாமா, எந்தக் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றலாம், பெண் கொடுக்கலாமா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அதை மறைத்துக்கொண்டு நான் சிரித்தபடி இருந்தேன். காது மடல் சுட்டது.

"நாங்கள் மாதக்கணக்கில் செய்வதை ஒரு தேநீருக்குள் செய்கிறீர்களே, உங்களை நான் விடுவதாக இல்லை!"

கயிற்றுக்கு உள்ளே

எங்களிடம் வம்சம் தேடி வந்த ஹெர் கார்வி துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆள் வாட்டசாட்டம், கை ஒவ்வொன்றும் உலக்கை. தங்கள் குடும்பம் ஸ்கொட்லாந்தின் மால்கம் பிரபுவின் வழி என்று அவருடைய தகப்பன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். சொந்தக்காரர் எல்லோரும் அவரைக் கேலி செய்தார்களாம். அந்தப் பிரபுவின் சந்ததியார் இப்போதும் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கோடையிலும் இடிந்த கோட்டையடியில் கூடி, பைப் வாத்தியத்துக்குப் பின்னால் ஊர்வலம் போவார்கள். பரம்பரையை நிரூபித்தவர்கள் நடக்கலாம். மற்றவர்கள் கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்கலாம். தகப்பனுக்காக ஒருமுறை நடந்துவிட வேண்டும் என்பது இவருடைய ஆசை.

வேலை பார்வைக்குச் சின்னதுதான். மால்கம் பிரபுவிலிருந்து கீழே பல தலைமுறைகளைச் சங்கமே எழுதி வைத்திருந்தது. அந்த வரிசையின் கடைசியில், கடல் கடந்து ஜேர்மன் பக்கம் போன ஜேம்ஸ் என்று ஒருவர். இங்கே ஹெர் கார்வியின் வரிசையில் மேலே ஏறினால் ஹான்ஸ் என்று ஒருவர், அவருடைய தகப்பன் பெயரும் ஜேம்ஸ். இரண்டு ஜேம்ஸும் ஒரே ஆள் என்று காட்டினால் முடிந்தது. ஜூன் முடிவதற்குள் அனுப்பினால் இந்தக் கோடையிலேயே நடக்கலாம் என்று சங்கம் சொல்லியிருந்தது. ஹெர் கார்வி அதற்காக ஸ்கொட்லாந்து ஆண்கள் அணியும் கட்டம் போட்ட பாவாடையை ஏற்கெனவே வாங்கி, மழைச்சட்டைக்கு உள்ளே உடுத்திக்கொண்டுதான் எங்களிடம் வந்திருந்தார்.

"எனக்கு ராஜா வம்சமெல்லாம் வேண்டாம், அந்தக் கயிற்றுக்கு உள்ளே ஒரே ஒருமுறை நடந்தால் போதும்."

பிரபு வீட்டுக் கல்யாணம்

மால்கம் பிரபுவைப் பற்றிக் கிடைத்ததைச் சொல்ல ஒருநாள் ஹெர் கார்வியின் வீட்டுக்குப் போனேன். கோப்பியும் கேக்கும் வைத்தார்கள். பிரபு பக்கத்து நிலக்காரனின் களஞ்சியத்துக்கு நெருப்பு வைத்து, மாடுகளைச் சாய்த்துக்கொண்டு போனவர், பிறகு அரசனிடம் மன்னிப்பு வாங்கியவர் என்றதும் ஹெர் கார்வி மேசையில் அடித்துச் சிரித்தார். மாட்டுக் கள்ளன் என்பது எனக்கும் குறையாகப் படவில்லை. பிரபு களவெடுத்தாலும் பிரபுதானே!

அடுத்து, பிரபுவும் மனைவியும் ஒரே பூட்டனின் வழி வந்தவர்கள், அதனால் பாப்பரசரின் விசேஷ அனுமதியோடுதான் கட்டினார்கள் என்று சொன்னேன். அவருடைய மனைவி ஃப்ராவ் கார்வியின் முள்ளுக்கரண்டி நடுவழியில் நின்றது. நிலைமையைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று, அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, என் அம்மாவும் ஐயாவும் சொந்த மச்சாள் மச்சான்தான், அவர்களுக்கும் ஆயர் அனுமதி தந்தார் என்று சொல்லிவிட்டேன். அத்தோடு நிறுத்தினேனா? தாய்மாமன் பிள்ளையைக் கட்டலாம், பெரியப்பா பிள்ளையைக் கட்டக்கூடாது, அது சகோதரம் என்று விரல் மடக்கி விளக்கம் வேறு. கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேசைக்குக் கீழே போய்விடலாம் போல இருந்தது. ஃப்ராவ் கார்வி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, இன்னொரு துண்டு கேக்கை என் தட்டில் வைத்தார்.

"ஆனால் நீங்கள் நல்ல ஆரோக்கியமாகத்தானே இருக்கிறீர்கள்!"

எந்தக் கோயிலடி?

அந்த நாட்களில் ஜெசிந்தா அக்கா தொலைபேசி எடுத்தார். எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர், மகள் இங்கே தாதியாக இருக்கிறாள். மகள் ஒரு பெடியனை விரும்புகிறாளாம். "தம்பி, நீர் உந்த வேலைதானே செய்யிறீர். பெடியன் ஆர் ஆக்கள் எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லும்" என்றார். அது வேறு, இது வேறு, எனக்கு ஏலாது என்று கண்டிப்பாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எந்தக் கோயிலடி?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா சொன்னார். ஊரும் கோயிலும் காதில் விழுந்த கணமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஒரு பதிவையும் புரட்டத் தேவையிருக்கவில்லை. தெரிந்ததைச் சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். பெடியன் நல்லவனா என்று கேட்டிருக்கலாம், அது எனக்குத் தோன்றவேயில்லை. சும்மா இருந்தால் தப்பிவிடலாம் என்று நினைத்தேன். நான் சும்மா இருந்ததே அக்காவுக்குப் போதுமாக இருந்தது.

"சரி, விடும் தம்பி, நீர் சொல்லாட்டிலும் எனக்கு விளங்கீட்டுது."

பட்டாளத்து ஜேம்ஸ்

ஜெசிந்தா அக்காவின் மகள் தாயை மீறி அவனையே பதிவுத் திருமணம் செய்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு அழைப்பு வரவில்லை, வந்திருந்தாலும் எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு ஹெர் கார்வியின் வேலையைப் பார்த்தேன். இந்தப் பக்கத்துப் பழைய பதிவுகளில் ஜேம்ஸ் கார்வி என்ற பெயரில் ஒரே காலத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பட்டாளத்து அதிகாரி. குதிரை, வாள், தேவாலயத்துக்குள்ளே கல்லறை எல்லாம் அவருக்கு உண்டு. மற்றவர் ஊசி, நூல், துணி எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி முதுகில் சுமந்து வீடு வீடாக விற்றவர். பிரபுவின் வழி வந்தவர் அதிகாரிதான் என்று முதல் நாளே முடிவு கட்டி, அவர் தலையில் ஹெர் கார்வியின் முழு வம்சத்தையும் ஏற்றி, அழகாக வரைந்து, ஜூனுக்குள் சங்கத்துக்கு அனுப்பினேன்.

சங்கத்திலிருந்து மரியாதையான பதில் வந்தது. அந்த அதிகாரிக்குப் பிள்ளைகளே இல்லை, சொத்து மனைவியின் சகோதரன் மகனுக்குப் போனது, ஆகவே மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார்கள். ஹெர் கார்வி அதற்குள் பயணச்சீட்டு எடுத்துவிட்டார், போகாமல் இருக்க மனம் வரவில்லை. போய்க் கயிற்றுக்கு வெளியே நின்றார். படம் அனுப்பியிருந்தார். முன்னால் ஊர்வலம் போகிறது. இவர் பாவாடையோடு சனத்துக்குள் நிற்கிறார், மழை கொட்டுகிறது. என்னால் அந்தப் படத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்கத் தொலைபேசி எடுத்தபோது அவர் என்னைத் திட்டவில்லை.

"மழைக்குப் பாவாடை சரிவராது என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்."

அது காரணமா?

கோப்பு ஒன்றை மூடுவதற்கு முன் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்பது எங்கள் அலுவலக வழக்கம். என்னோடு வேலை செய்யும் கத்ரின் உட்கார்ந்து பார்த்தாள். மூட்டைக்காரர் ஜேம்ஸைத் தேடினாளாம், கிடைத்துவிட்டார். அந்தக் காலத்தில் வெளிநாட்டான் ஒருவன் ஜேர்மன் பட்டணத்தில் குடியேற வேண்டுமென்றால், நான் இன்னாருக்கு முறையாகப் பிறந்தவன் என்று சொந்த ஊரிலிருந்து சாட்சிக் கடிதம் கொண்டுவர வேண்டும். என்னிடமும் இந்த நாட்டில் அப்படி ஒன்று கேட்டார்கள், ஊர்ப் பங்குச் சுவாமியார் எழுதித் தந்தார். மூட்டைக்காரர் கொடுத்த கடிதம் பட்டண ஆவணங்களில் அப்படியே இருக்கிறது. தகப்பன், பாட்டன், பூட்டன் என்று ஏறி நேரே மால்கம் பிரபுவின் வீட்டில் போய் நிற்கிறது. கடைக்குட்டியின் கடைக்குட்டிக்கு நிலம் மிஞ்சவில்லை, அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார். அவருடைய மகன்தான் ஹான்ஸ்.

ஒருவரை ஒதுக்கினால் ஏன் ஒதுக்கினோம் என்று பக்கத்தில் எழுத வேண்டும். நானும் எழுதியிருந்தேன்: "பொருந்தாது. மூட்டை வியாபாரி." கத்ரின் அதை இரண்டு தரம் வாசித்தாள். அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. எங்கள் ஊரில் யாருக்குக் காட்டினாலும் ஒரு கேள்வியும் கேட்காமல் தலையாட்டியிருப்பார்கள் என்று நினைத்தபோதுதான் எனக்கு விளங்கியது. தொழிலைப் பார்த்துப் பிறப்பை முடிவு கட்டும் வித்தையை நான் ஸ்கொட்லாந்துவரை கொண்டுபோயிருக்கிறேன்.

"இது அவர் செய்த தொழில், சரி, ஆனால் நீங்கள் காரணத்தை எழுத மறந்துவிட்டீர்களே?"

ஹெர் கார்வியின் கேள்வி

மூட்டைக்காரரை வைத்து அனுப்பிய புதிய வம்சாவளி சரி என்று சங்கமும் ஏற்றுக்கொண்டது. வரும் கோடையில் அவர் நடக்கலாம். நல்ல செய்தியை நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்று ஃப்ராவ் பிராண்ட் என்னை அனுப்பினார். மூட்டைக்காரரைப் பற்றிக் கேட்டதும் ஹெர் கார்விக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அதிகாரியைவிட இவரைத்தான் அவருக்குப் பிடித்துவிட்டது. எவ்வளவு பாரம் சுமந்திருப்பார், எந்தப் பாதையால் நடந்திருப்பார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இந்த ஆளை முதலிலேயே ஏன் பார்க்கவில்லை என்றும் கேட்டார்.

பதிவுகள் கிடைக்கத் தாமதம் என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார். மழையில் நின்ற படம் நினைவுக்கு வந்ததால் சொல்ல முடியவில்லை. முதல் நாளே மூட்டைக்காரரின் பெயர் என் கையில் இருந்தது, மூட்டை சுமந்தவர் பிரபு வழியாக இருக்க முடியாது என்று நான்தான் தள்ளிவைத்தேன், எங்கள் ஊரில் அப்படித்தான் ஆட்களை அளப்போம் என்றேன். ஹெர் கார்வி கோபப்படவில்லை. தன் இரண்டு பெரிய கைகளையும் மேசையில் விரித்து வைத்து, என்னிடம் காட்டினார்.

"பாரந்தூக்கி ஓட்டுவதற்கு முதல் நானும் கப்பலில் மூட்டை சுமந்தவன்தான், அது தெரிந்திருந்தால் என்னையும் பொருந்தாது என்று எழுதியிருப்பீர்களா?"

ஸ்கொட்லாந்துப் பிரபுவின் வம்சத்தைத் தேடப் போய், நான் எந்த வம்சம் என்பதை ஜேர்மன்காரருக்குக் காட்டிக் கொடுத்ததுதான் இந்தத் தொழிலில் எனக்கு மிச்சம்.