திங்கட்கிழமை வரை வைத்திருந்த கிட்டார்

அந்த கிட்டாரை நான் முதலில் பார்த்தது அவருடைய போனில்தான். ஒரு சனிக்கிழமை, பெங்களூரிலிருந்து வேலை முடிந்து வந்த மனுஷர் கைகால்கூடக் கழுவாமல் அடுப்படிக்கு வந்து நின்று, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நடுவில் தேன் நிறம். ஓரத்துக்குப் போகப் போக, வெல்லப்பாகு தீய்ந்து போனால் வருமே, அந்தக் கறுப்பு. கடைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். கீழே ஒரு அட்டையில் பழைய விலையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் புது விலை எழுதியிருந்தது. பாதிக்குப் பாதி. அடித்த விலையைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. அடிக்காத விலையைப் பார்த்த பிறகும் அது நிற்கவில்லை. "பின்னாடி நகம் அளவுக்கு பெயிண்ட் பேந்து கீது, அதுக்குத்தான் இந்த விலை. வாசிக்கும்போது அது வயித்துப் பக்கம்தானே இருக்கும், யாருக்குத் தெரியப்போவுது" என்றார். நான் குழம்பைக் கிண்டிக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் என் வீட்டுக்காரர். போன தை மாதத்தோடு அவருக்கு வருஷ திதி முடிந்தது. நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். கோவிலுக்குப் போனோமா, விளக்கேற்றினோமா, வீட்டைப் பார்த்தோமா என்று இருந்துவிட்டேன். எழுதிப் பழக்கமில்லை. இதை வாயால் யாரிடமும் சொல்ல முடியவில்லை என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கல்யாணமான புதிதில் அவர் தங்கச் சுரங்கத்து ஷாஃப்டில் இறங்கிக்கொண்டிருந்தார். சுரங்கத்தை மூடியதும் ஊரில் பாதிப் பேர் போனதுபோல் அவரும் பெங்களூர் வேலைக்குப் போக ஆரம்பித்தார். விடிவதற்கு முன்னால் மாரிகுப்பத்தில் முதல் வண்டி ஏறினால், திரும்பி எங்கள் சுரங்கக் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனுக்கு வந்து சேர ராத்திரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் வீட்டு மனுஷர். அந்த ஞாயிற்றுக்கிழமையிலும் ஆடி, பங்குனித் திருவிழா வந்தால் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் வந்து கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். மேடையில் பாடகருக்கும் பாடகிக்கும் பின்னால், டிரம்ஸுக்குப் பக்கத்தில், வெளிச்சம் விழாத இடத்தில் இவர் கிட்டாரோடு உட்கார்ந்திருப்பார். மாலை போடும்போது இவர் வரைக்கும் மாலை வராது. அதைப் பற்றி அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. அவருக்கு இருந்த குறையெல்லாம் அந்தப் பழைய கிட்டார்தான். கழுத்து வளைந்துபோய், கம்பி உசந்து நிற்கும். அழுத்தி அழுத்தி இடது கை விரல்களில் கறுப்பாகக் கோடு விழுந்திருக்கும். ஒயர் போகும் இடத்தில் டேப் சுற்றியிருப்பார். அப்படியும் நடுப்பாட்டில் கரகரவென்று சத்தம் வரும், சனங்கள் சிரிக்கும்.

பெங்களூரில் அந்தக் கடை அவருடைய கம்பெனிக்குப் போகும் வழியில் இருந்தது. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் உள்ளே போய்ப் பத்து நிமிஷம் வாசித்துவிட்டு வருவாராம். கடைக்காரரும் ஒன்றும் சொல்வதில்லையாம். கடையை வேறு இடத்துக்கு மாற்றப்போவதால், இவருக்காகத் திங்கட்கிழமை வரைக்கும்தான் எடுத்து வைக்க முடியும் என்றிருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே, "அழுத்தவே வேணாம்மே, தொட்டா பேசுது" என்றார். இருபது வருஷக் குடித்தனத்தில் அவர் எதற்காகவும் அப்படிக் குரல் இறங்கிப் பேசியதில்லை.

கையில் காசு இல்லாமலும் இல்லை. கம்பெனி கைமாறியபோது எல்லோருக்கும் ஒரு தொகை கொடுத்திருந்தார்கள், அது அப்படியே இருந்தது. அன்றைக்கு ரயிலில் கூட வந்தவர்கள் அவரை விடவில்லையாம். அம்மன் கோவில் மேடையில் இதை எடுத்து வாசித்தால் அம்மனே இறங்கி வந்து விலை கேட்பாள் என்று கேலி. அன்று சாயங்காலமே என் நாத்தனார் வந்து உட்கார்ந்துகொண்டு, "ஊட்ல நாலு சேர் இல்ல, கிட்டாருக்கு உள்ள வெல்வெட்டு போட்ட பொட்டியாம்" என்று அவர் காதில் படும்படி சொன்னார். அவர் சிரித்தார். சிரித்துவிட்டு என்னிடம் திரும்பி, "இன்னா பண்ணலாம், நீயே சொல்லு" என்றார்.

அந்த இடத்தில் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் ஆயுசு முழுக்க அந்த வேண்டாம் என் பேரில்தானே இருக்கும். என் மனசில் இருந்ததும் வேறு. அந்தக் காசில் ஒரு பூஜை அறை கட்டவேண்டும் என்று வைத்திருந்தேன். எங்கள் லைன் வீட்டில் சாமி படங்கள் அடுப்படி அலமாரியில், மிளகாய்த்தூள் டப்பாவுக்கு மேலே இருந்தன. பஜனைக்கு வரும் பெண்களிடம் அடுத்த வருஷம் எங்கள் வீட்டுப் பூஜை அறையில் பஜனை என்று சொல்லியும் வைத்திருந்தேன். அதோடு இன்னொன்று. அந்த கிட்டார் வீட்டுக்குள் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் எனக்கில்லை என்ற பயம். இந்த இரண்டில் எதையும் அவரிடம் சொல்லவில்லை. "சாமிகிட்ட கேட்டுடலாங்க, பூக்கட்டிப் பார்க்கலாம்" என்றேன். அவர் உடனே சரி என்றார். அந்த நாளில் அம்மனை அவ்வளவு நம்பிய மனுஷர் அவர்.

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். ஒரு காகிதத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ, இரண்டையும் ஒரே மாதிரி பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் வைத்து வேண்டிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, தண்ணீரில் விட்டுவிட வேண்டும். பெண் பார்க்க, வீடு மாற்ற, ஆபரேஷன் செய்ய என்று லைனில் யார் பூக்கட்டிப் பார்த்தாலும் பொட்டலம் கட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். விரதம் தவறாதவள் என்று ஒரு பேர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து முழுகி, மகளுடைய கணக்கு நோட்டில் இரண்டு தாள் கிழித்தேன். வாசலில் நந்தியாவட்டை பூத்திருந்தது, அதைப் பறிக்கவில்லை. இரண்டு தாளிலும் செவ்வரளி வைத்துக் கட்டினேன். பொட்டலத்தைச் சின்னப் பிள்ளைகள் எடுப்பதுதான் வழக்கம். மகளுக்கு அப்போது பத்து வயசு. பிள்ளை என்றால் இன்னொன்றையும் பிரித்துக் காட்டச் சொல்லும் என்று அவளை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவ்வளவு தூரம் யோசித்திருக்கிறேன். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை.

கோவிலில் அவர் கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றார். பிறகு கையை நீட்டி இடது பக்கம் இருந்ததை எடுத்தார். பிரித்தார். சிவப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, அம்மாவே சொல்லிட்டா" என்றார். குங்குமம் வாங்கி வைத்துக்கொண்டார். நான் மற்றப் பொட்டலத்தை எடுக்கக் குனிவதற்குள் அவரே அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, நாளைக்கு வண்டியில் போகும்போது தண்ணீர் கண்ட இடத்தில் விட்டுவிடுகிறேன் என்றார். அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தேன். ஆனால் எப்படிக் கேட்பேன், கொடுங்கள் என்று. திங்கட்கிழமை அவர் திரும்பி வரும்வரை ஒரு வாய் சோறு இறங்கவில்லை. வந்தார், சாப்பிட்டார், மகளுடைய வீட்டுப்பாடத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பிரிக்காமல் விட்டுவிட்டார் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அந்த வருஷமே பூஜை அறை எழும்பியது. கதவில் வரிசையாகச் சின்ன மணி, கீழே கறுப்பு கிரானைட். பங்காருபேட்டையிலிருந்து டைல்ஸை ஆட்டோவில் ஏற்றி இறக்கி அவர்தான் கொண்டுவந்தார். ஆனால் அதற்குள் ஒரு நாள்கூடக் காலை வைக்கவில்லை. கோவிலுக்குக் கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்பார். ஆடித் திருவிழாவில் தேர் வாசலில் வந்து நின்றபோதும் உள்ளே உட்கார்ந்து பேப்பர் படித்தார். பழைய கிட்டாரை ஆர்கெஸ்ட்ராவில் யாருக்கோ கொடுத்துவிட்டார். நான் சும்மா இருந்தேனா என்றால் இல்லை. சொந்தக்காரர்கள் நடுவில் வைத்து, "இது சாமி இல்லாத ஆளு, இது இருக்கற ஊட்ல நல்லது எப்படி நடக்கும்" என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். அவருக்கு நல்ல புத்தி வரவேண்டும் என்று நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தேன். மலையேறி வேண்டிக்கொண்டேன். விபூதியை எடுத்துக்கொண்டு போய் நெற்றியில் வைத்தால் மட்டும் தலையைக் குனிந்து காட்டுவார். இத்தனை வருஷமும் அந்தக் குனிந்த தலையை நான் புரிந்துகொள்ளவே இல்லை. இப்போது அந்த அறையில் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தால் வாயில் மந்திரம் வருகிறது, மனசில் ஒரு வேண்டுதலும் வருவதில்லை. பூக்கட்டித் தரச்சொல்லி இன்னமும் வருகிறார்கள். முடியாது என்று அனுப்பிவிடுகிறேன். கைவலி என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

அவர் இருக்கும்போதே மகள் படித்து முடித்துப் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தோடு வந்தாள். அப்பாவுக்கு ஒரு கிட்டார், அவர் ஆசைப்பட்ட மாதிரியே நல்லதாக, என்றாள். அவர் அவள் தலையைத் தடவி, "வேணாம்மா. உங்கம்மாவைக் கேளு, சாமி எப்பவோ வேணாம்னு சொல்லிடுச்சு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் பக்கம் பார்க்கவில்லை. மகளும் சிரித்தாள். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அவள் கிளம்பிப் போன மத்தியானம், அவர் கொல்லைப் பக்கத்தில் ஒழுகிக்கொண்டிருந்த குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்று சொல்லிவிட்டேன். இரண்டு பொட்டலத்திலும் நான்தான் சிவப்பு வைத்தேன் என்று.

அவர் ஸ்பேனரைத் திருகுவதை நிறுத்தவில்லை. "தெரியும். மறுநாளே வண்டி பங்காருபேட்டை தாண்டினதும் பிரிச்சுப் பார்த்தேன்" என்றார்.

ஏன் அப்போதே கேட்கவில்லை என்றேன்.

"வேணாம்னு நீ சொல்லியிருந்தா உட்டிருப்பேன். ஒரு வருஷம் முணுமுணுத்துக்கினு கெடந்திருப்பேன், அவ்ளோதான். நீ சாமிய சொல்ல வெச்ச. அதுக்கப்புறம் அந்த வாசல்ல போய் நின்னு இன்னாத்த கேக்கறது?"

அப்படியானால் நான் திட்டின திட்டெல்லாம், விரதமெல்லாம் என்று ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் "அந்த வால்வ மூடு, தண்ணி வீணா போவுது" என்றார். மூடினேன்.

அடுத்த வாரம் நான் அவரை விடவில்லை. மகள் கொடுத்ததும் என் சேமிப்புமாக எடுத்துக்கொண்டு, வாங்க என்று பிடிவாதமாகப் பெங்களூர் வண்டியில் ஏற்றினேன். வண்டியில் ஜன்னல் பக்கம் அவரை உட்கார வைத்தேன். பழைய கடை எங்கே மாறிப் போனது என்று தெரியவில்லை. வேறு ஒரு பெரிய கடை, கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்க கிட்டார்கள். அங்கே வேலை பார்த்த பெண் நான் கை காட்டியதை இறக்கி அவரிடம் கொடுத்தாள். அவர் முக்காலியில் உட்கார்ந்து அதை மடியில் வைத்தார். வைத்த விதத்தைப் பார்த்தால் நேற்று வரைக்கும் வாசித்தவர் மாதிரி இருந்தது. இடது கை விரல்கள் தானாகப் போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. வலது கையால் மீட்டினார். டொக்கு டொக்கென்று செத்த சத்தம்தான் வந்தது. சர்க்கரை வந்து நாலைந்து வருஷமாக அவருக்கு விரல் நுனிகளில் உணர்ச்சி இல்லை. காபி டம்ளர் சுடுவதுகூடத் தெரியாது. எனக்கு அது தெரியும். ரயிலில் வரும்போது ஒரு தரமாவது அது நினைப்புக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவர் குனிந்து விரல்களைப் பார்த்து, ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்து, மறுபடியும் மீட்டினார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

சார் வாசிப்பீங்களா என்று அந்தப் பெண் கன்னடத்தில் கேட்டாள்.

"இல்லம்மா" என்று அவரும் கன்னடத்திலேயே சொன்னார். "எனக்குத் தெரியாது. இவங்களுக்குத்தான் பார்க்கணும்னு ஆசை."

அந்தப் பெண் சந்தோஷமாக என் பக்கம் திரும்பி, கிட்டாரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். கனமாக இருந்தது. எந்தக் கை எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு, கிளம்பினால் நாலு மணி வண்டியைப் பிடித்துவிடலாம் என்றார்.