பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று

1. கவுன்டர் மேல் வந்த துப்பாக்கி

சிக்கந்தர் துப்பாக்கிப் பையைக் கவுன்டர் மேல் வைத்தபோது நான் கோழித்தீவனம் நிறுத்துக்கொண்டிருந்தேன்.

"ஆன்ட்டி, இதை யாருக்காவது வித்துடுங்க. எனக்கு வேணாம்."

"என்னப்பா ஆச்சு?"

"கால்ல பட்டு ஓடிடுச்சு. கத்திக்கிட்டே ஓடுச்சு ஆன்ட்டி. நாள் பூரா தேடினேன், கிடைக்கல."

ஓடியது கயோட்டி. நாய்க்கும் நரிக்கும் நடுவில் இருக்கும் மிருகம். டெக்சாஸில் ஆடு வளர்க்கிறவர்களைக் கேட்டால் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

ஹூஸ்டனுக்கு மேற்கே ரஹீம் பாயின் தீவனக் கடையில் எனக்கு வேலை. மகன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் சேர்ந்தது. ஒரு பக்கம் தீவன மூட்டை, மறுபக்கம் தோட்டா அலமாரி. எனக்கு எழுத்து வராது, எண் மட்டும் வரும். தோட்டாப் பெட்டியில் எண்தான் முக்கியம் என்பதால் வேலை ஓடியது. இதையும் நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். கதையைக் கூட்டினால் பேனாவைக் கீழே வைத்துவிடுவாள், ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

சாஃப்ட்வேர் வேலைகள் கொத்துக்கொத்தாகப் போன வருஷங்கள் அவை. சிக்கந்தருக்கும் போயிற்று. நியூ ஜெர்சியில் எடிசனை விட்டு வந்து, நிலம் வாங்கி ஆடு வளர்த்தார். பக்ரீத்துக்கு ஊர் முழுக்க அவரிடம்தான் சொல்லி வைப்பார்கள். அந்த வருஷம் கயோட்டி குட்டிகளைத் தூக்க ஆரம்பித்தது. அவர் மனைவி நஸ்ரீன், இன்னொரு குட்டி போனால் மந்தையை விற்றுவிட்டு எடிசனுக்கே திரும்பலாம் என்று சொல்லிவிட்டாள். அவள் தம்பி அங்கே பக்கத்தில் பார்சிப்பனியில் ஒரு வேலையும் பார்த்து வைத்திருந்தான். சிக்கந்தருக்கு மறுபடி ஆபீஸ் தடுப்புக்குள், க்யூபிகிளில் உட்கார மனமில்லை.

2. கனம் என்றால் கருணை

ரஹீம் பாய் உள்ளேயிருந்து வந்து பையைத் திறந்தார். டூ ட்வென்டி-த்ரீ ரகக் குண்டு போடும் பழைய துப்பாக்கி. பக்கத்துப் பண்ணைக் கிழவர் ஒருவரிடம் வாங்கியதாம்.

"என்ன தோட்டா போட்டீங்க?"

"குண்டு எடை எழுபத்தஞ்சு கிரெய்ன். இருக்கிறதுலயே கனமானது."

"கயோட்டிக்கு எதுக்கு அவ்வளவு கனம்?"

"பாய், ஆட்டை அறுக்கும்போது கத்தி மொட்டையா இருந்தா பாவம்ல? அதுக்கு வேதனை தெரியக் கூடாது. அதே மாதிரிதான் இதுவும். கனமா இருந்தா ஒரே அடியில போயிடும்னு நினைச்சேன்."

பாய் சிரிக்கவில்லை. நானும் அது நியாயமான பேச்சு என்றுதான் நினைத்தேன்.

"பேப்பர்ல சுட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். எங்கெங்கயோ போகுது."

"ஓட்டை எப்படி இருந்துச்சு?"

"ஓட்டை ஓட்டை மாதிரிதான் பாய் இருந்துச்சு."

"ஞாயித்துக்கிழமை வர்றேன். விக்கிறதா இல்லையான்னு அப்புறம் பேசலாம். லாத்தா, நீங்களும் வாங்க. அளக்குற டேப் பிடிக்க ஆள் வேணும்." அக்கா முறையில் என்னை லாத்தா என்றுதான் கூப்பிடுவார்.

3. ஞாயிற்றுக்கிழமை

சிக்கந்தரின் நிலத்தில் ஒரு மண்மேடு. அதன் முன்னால் அட்டைப்பெட்டியைக் கிழித்து நிறுத்தினார்கள். நஸ்ரீன் டீ கொண்டு வந்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஆட்டைக் காப்பாத்தத்தானே வாங்கினீங்க? இப்ப மண்மேட்டோட சண்டையா?" டீயில் இஞ்சி தூக்கலாக இருந்தது, கேட்டு வாங்கி இன்னொரு கப் குடித்தேன்.

நூறு கெஜத்திலிருந்து சிக்கந்தர் அந்தக் கனமான தோட்டாவைச் சுட்டார். கிட்டே போய்ப் பார்த்தோம். ஓட்டைகள் வட்டமாக இல்லை. சாவித்துவாரம் மாதிரி நீளமாகக் கிழிந்திருந்தன.

"குண்டு மூக்கால போகல. படுத்துக்கிட்டுப் போகுது" என்றார் பாய்.

அதே பெட்டித் தோட்டாவைத் தான் கொண்டுவந்திருந்த அதே ரகத் துப்பாக்கியில் போட்டுச் சுட்டார். வட்டமான ஓட்டைகள், ஒன்றையொன்று உரசிக்கொண்டு.

"அப்ப என் துப்பாக்கிதான் மோசம்" என்றார் சிக்கந்தர்.

"பொறுங்க, அளந்துடுவோம்."

சிக்கந்தரின் துப்பாக்கியைக் காலி செய்து, பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைக் கழற்றினார். துடைக்கும் கம்பியின் முனையில் துணியை இறுக்கமாகச் சுற்றி, பேரல் என்கிற குழலுக்குள் தள்ளினார். உள்ளே திருகாணி போலப் புரி வெட்டியிருக்கும், அதில் துணி பிடித்துக் கம்பி சுற்றும். கம்பியில் கொடி மாதிரி ஒரு பசை டேப் துண்டை ஒட்டச் சொன்னார். கொடி ஒரு முழுச் சுற்று வரும்வரை தள்ளினார். கம்பி எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று நான் அளந்தேன். பன்னிரண்டு அங்குலம். பாயின் துப்பாக்கியில் எட்டு அங்குலத்திலேயே ஒரு சுற்று வந்துவிட்டது.

"பம்பரம் விட்டிருக்கீங்கள்ல? வேகமாச் சுத்தினா நிக்கும், மெதுவாச் சுத்தினா தலையாட்டி விழும். கனமான குண்டு நீளமா இருக்கும். அதை நிமித்தி வைக்க நிறையச் சுத்தணும். உங்க பேரல் அவ்வளவு சுத்தாது. அதுக்கு ஐம்பது, ஐம்பத்தஞ்சு கிரெய்ன் போதும்."

"அவ்வளவு லேசானதா? வேதனைப்படாதா பாய்?"

"படுத்துக்கிட்டுப் போன குண்டு கால்ல பட்டுச்சே, அது வேதனை இல்லையா? லேசானது நீங்க நினைச்ச இடத்துல நேராப் போய்ப் படும்."

சிக்கந்தர் ஐம்பது கிரெய்ன் போட்டுச் சுட்டார். அட்டையருகே முதலில் நடந்து போனவள் நஸ்ரீன்தான். மூன்று வட்டங்கள். மூன்றையும் ஒரு டீ கப்பால் மூடிக் காட்டினாள்.

ஐம்பது எல்லா பேரலுக்கும் நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ரொம்ப வேகமாகச் சுற்றும் பேரலில் மெல்லிய செம்புத் தோல் போர்த்திய குண்டைப் போட்டால், இலக்குக்குப் போகுமுன்பே அது சிதறிவிடுவதும் உண்டு. அந்தக் கனமான குண்டிலும் குறை இல்லை, துப்பாக்கியிலும் இல்லை. சேர்த்ததில்தான் தப்பு.

4. நஸ்ரீன் கடைக்கு வந்தது

சில வாரங்கள் கழித்து நஸ்ரீன் தனியாகக் கடைக்கு வந்தாள்.

"ஒரே ஒரு சத்தம் கேட்டுச்சு ஆன்ட்டி. அப்புறம் எதுவும் கத்தல. இவர் போய்ப் பாத்துட்டு வந்து, ரெண்டு ரக்அத் தொழுதுட்டுத்தான் சாப்பிட உக்காந்தாரு."

"எடிசன் போறது?"

"குட்டித் தீவனம் பெரிய மூட்டையாக் குடுங்க" என்றாள்.

அதன் பிறகு கவுன்டரில் யார் வந்து கனமான தோட்டா கேட்டாலும் நான் உடனே எடுத்துக் கொடுப்பதில்லை. எனக்கு முழுதாக வரும் இங்கிலீஷ் வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்: "வாட் இஸ் யுவர் ட்விஸ்ட்?" எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று அர்த்தம். தெரியாது என்று தோளைக் குலுக்குபவர்களிடம் கம்பியையும் துணியையும் நீட்டிவிட்டு, அளந்து வரும்வரை தீவனம் நிறுக்கப் போய்விடுவேன்.